சலங்கை கட்டுமுன் மின்கம்பியைச் சோதிப்போம்

ஆண்டுவிழா நெருங்கிவிட்டால் ஆடைக்கும் அணிகலனுக்கும் ஒப்பனைக்கும் ஒரு மாதம் முன்னதாகவே கணக்குப் பார்க்கிறோம். பரதம் ஆடும் சிறுமியின் சலங்கையில் ஒரு மணி உதிர்ந்தாலும் தாயுள்ளம் பதறுகிறது. ஆனால், அச்சிறுமி ஆடப்போகும் மேடையின் ஓரத்தில் சுருண்டு கிடக்கும் மின்கம்பியை யார் பார்க்கிறார்கள்? ஒலிபெருக்கிக்காரர் விசையை அழுத்துகிறார், பாட்டு ஒலிக்கிறது, விளக்கு எரிகிறது. "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நாற்காலிகளை அடுக்கப் போய்விடுகிறோம். இந்தச் சொல்லைத்தான் நாம் ஏற்க மறுக்கிறோம்.

ஒரு கருவி இயங்குகிறது என்பது வேறு. அது ஆபத்தற்றது என்பது வேறு. மூன்று முனை ப்ளக்கினுள் மூன்று கம்பிகள் உள்ளன. அவற்றுள் இரண்டு, மின்சாரம் வந்து திரும்பும் வழிகள். பச்சையும் மஞ்சளும் கலந்த மூன்றாவது கம்பி நில இணைப்பு. பழுதின் காரணமாகக் கருவியின் உலோகக் கூட்டில் மின்சாரம் ஏறுமானால், அதனை மண்ணுக்குள் இறக்கிவிடுவதே அதன் பணி. அக்கம்பி அறுந்து போனாலும் ஒலிபெருக்கி வழக்கம்போல் பாடிக்கொண்டுதான் இருக்கும். 1972ஆம் ஆண்டு மே மாதத்தில், வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில், லெஸ்லி ஹார்வி என்னும் 27 வயதுக் கித்தார் கலைஞர் மேடையில் ஒலிவாங்கியைத் தொட்ட மாத்திரத்தில் மின்சாரம் தாக்கி மாண்டார். நில இணைப்பு முறையாக இல்லாததே காரணம்.

நம் பிள்ளைகளின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். நடனமணி வெறுங்காலுடன் ஆடுகிறாள். உடலெங்கும் வியர்வை. நனைந்த தோல் மின்சாரத்திற்கு எளிதில் வழிவிடும் என்பது மாணவரும் அறிந்த அறிவியல். நம் தோட்டத்து மேடையோ பெரும்பாலும் திறந்த திடலில் அமைவது. மாலை மழை பெய்து ஓய்ந்த ஈர மண்ணில்தான் கம்பிகள் கிடக்கின்றன.

"ப்ளக்கில் பியூஸ் இருக்கிறதே" என்று சிலர் கூறுவர். அது கம்பியைக் காப்பதற்கு உள்ளது, மனிதரைக் காப்பதற்கன்று. 13 ஆம்பியர் என்பது 13,000 மில்லி ஆம்பியர். மனித உயிருக்கு ஊறு நேர 30 மில்லி ஆம்பியரைச் சற்றுத் தாண்டினாலே போதும். உயிர் காப்பது, போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக உள்ளனவா என்று ஒப்பிட்டு, வேறுபாடு கண்டால் நொடிப்பொழுதில் துண்டிக்கும் கருவி. அதனை நம் வீடுகளில் இ.எல்.சி.பி. என்று அழைக்கிறோம். அதன்மேல் எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள். மேடைக்கு 30 மில்லி ஆம்பியர் என்று குறித்ததே வேண்டும். 100 என்றிருப்பது ஆளைக் காக்கப் போதாது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் நிற்க வேண்டும். நிற்காவிடில் அன்றைக்கு அந்த மின்சாரத்தில் நிகழ்ச்சி வேண்டாம்.

சோதனை என்றவுடன் பெருஞ்செலவு என்று பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. பாதிக் குறைகளைக் கண்ணாலேயே காணலாம்: தோல் உரிந்த கம்பி, கறுப்பு நாடா சுற்றிய ஒட்டு, விரிசல் கண்ட ப்ளக், கருகிய வாடை, ஒரே நீட்டிப்புக் கம்பியில் தொங்கும் ஐந்தாறு கருவிகள். நீட்டிப்புக் கம்பியை உருளையில் சுற்றியபடியே பயன்படுத்தினால் சூடேறி உருகும். முழுவதும் பிரித்துவிட வேண்டும். கண்ணுக்குப் புலப்படாத நில இணைப்பையும் கம்பி உறையின் உறுதியையும் அளவுகருவி கொண்டு சோதிப்பது சான்றிதழ் பெற்ற வயர்மேனின் வேலை. 'கரண்டு வேலை தெரிந்த தம்பி' ஒருவர் எல்லாத் தோட்டங்களிலும் உண்டு; அவர் அன்பை மதிக்கிறோம், ஆயினும் இதற்கு அவர் போதார்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் எதையும் திறந்து பார்க்காதீர்கள். ஒலிவாங்கியைத் தொடும்போது சுள்ளென்று பட்டால் உடனே விலகி ஆசிரியரிடம் சொல்லுங்கள். பயிற்சி நடைபெறும் மண்டபத்து வானொலிக்கும் மின்விசிறிக்கும் இதே விதிதான். ஒரு நாள் மேடையைவிட அங்கேதான் நீங்கள் பல நாட்கள் ஆடுகிறீர்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரிடம் நாம் வேண்டுவது இரண்டே. விழாச் செலவுக் கணக்கில், மாலைக்கும் பொன்னாடைக்கும் மேலே, வயர்மேன் கூலியை எழுதுங்கள். ஒலி ஒளிக் கருவிகளை வாடகைக்குத் தருபவரை மாலை ஆறு மணிக்கு அன்று, நண்பகலிலேயே வரச் சொல்லுங்கள். பழுதான ஒன்றை மாற்றிக் கொண்டுவர அவருக்கும் நேரம் கிடைக்கும்.