கடல் கடந்த தமிழரின் சங்கங்கள் யாருடையவை?

ஜனவரி 12ந் தேதியை அயலகத் தமிழர் தினமாகத் தமிழக அரசு 2022 முதல் கொண்டாடி வருகிறது. பந்தல் போடுகிறார்கள், தோரணம் கட்டுகிறார்கள், பல நாட்டுத் தமிழ்ச் சங்கத்தார் வந்து மேடையேறுகிறார்கள். பொன்னாடை போர்த்தப்படுகிறது, நாட்டியம் நடக்கிறது, தமிழின் பெருமை பேசப்படுகிறது. இதை நாம் குறை கூறவில்லை. கடல் கடந்து வாழும் நம் மக்களை ஆண்டுக்கு ஒரு நாளாவது தாய்நாடு நினைப்பது நல்லதே.

ஆனால் அந்த மேடையை உற்றுப் பார்க்கும்போது நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. அங்கே பெரும்பாலும் அமர்ந்திருப்பவர்கள் யார்? தொழிலதிபர்கள், மருத்துவர்கள், வியாபாரப் பிரமுகர்கள். தேக்கா வீதியிலே ஞாயிற்றுக்கிழமை மாலை புல்தரையில் உட்கார்ந்து வீட்டுக்குப் பேசுகிறானே கட்டடத் தொழிலாளி, அவன் எங்கே? தாத்தா காலத்திலிருந்து பால்மரம் வெட்டி, தோட்டம் துண்டாடப்பட்டதும் பட்டணத்து ஓரத்தில் குடிசை போட்டவரின் பேரப்பிள்ளை எங்கே? கடல் கடந்த தமிழரின் சங்கங்களையும் பள்ளிகளையும் விழாக்களையும் உண்டாக்கியவர்கள் அவர்களும் அவர்களின் முன்னோர்களும்தான். அந்தக் கதை நமது வாசகர்களுக்குத் தெரிய வேண்டும். ஏனெனில் அது உங்கள் கதை.

துரை கட்டிய ஊர்

மலேயாவுக்குப் போனவர்கள் யார்? தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் தென்னாற்காட்டிலும் பண்ணையாளாக உழன்றவர்கள். முதலில் சஞ்சிக்கூலி என்ற ஒப்பந்த அடிமைத்தனம். அது 1910ல் நிறுத்தப்பட்டது. அப்புறம் கங்காணி முறை. மினுமினுக்கும் சட்டையும் தங்கக் கடுக்கனுமாக ஊருக்கு வந்த கங்காணி, முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தான். நாகப்பட்டினத்து டெப்போ; அங்கிருந்து கப்பல்; பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவிலே தடுப்புக் காவல்; அதன்பின் ரப்பர் காடு. கூலிகளைச் சர்க்கார் உதவியோடு ஏற்றுமதி செய்வதை 1938ல் இந்திய சர்க்கார் தடை செய்யும் வரை இந்த ஓட்டம் நடந்தது.

காட்டை அழித்து, பாம்புக்கும் மலேரியாவுக்கும் உயிரைக் கொடுத்து நம்மவர்கள் தோட்டத்தை உண்டாக்கினார்கள். அங்கே வெள்ளைத் துரை ஓர் ஊரையும் கட்டினான். லயங்கள், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு கள்ளுக்கடை. விடியுமுன் பெரட்டுக் களத்திலே வரிசையாக நிற்க வேண்டும். மாலையிலே கள்ளுக்கடைக்குப் போகலாம். கொடுத்த கூலியிலே ஒரு பங்கு அங்கே திரும்பி வந்துவிடும். ஆண்டுக்கு ஒரு திருவிழா. அதிலே முதல் மரியாதை துரைக்கும் கிராணிக்கும். தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி வைக்க வேண்டுமென்று 1923ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அநேக தோட்டங்களில் அந்தப் பள்ளி ஒரு கொட்டகைதான்; கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். பால்மரம் வெட்டுகிறவன் பிள்ளை பால்மரமே வெட்ட வேண்டும் என்பதே துரைமாரின் கல்விக் கொள்கை.

ஜாதியும் அதே கப்பலில்தான் போயிற்று என்பதை மறைக்கக் கூடாது. லயத்திலும் கோயிலிலும் அது தலைதூக்கியது. பெரியார் 1929ல் மலேயாவுக்குச் சென்று வந்ததும், 1932ல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியதும், 1935ல் 'தமிழ் முரசு' பத்திரிகை பிறந்ததும் இந்த இழிவுக்கு எதிரான விழிப்பின் அடையாளங்கள்.

சைக்கிளில் போகும் உரிமை

1941ம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் அதன் தலைவர் ஆர்.எச். நாதனும் அவர்களுக்கு முன்னின்றார்கள். அவர்களது கோரிக்கைகளை இன்றைய கலாச்சாரப் பிரமுகர்கள் ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டுகிறோம். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும் என்பது ஒன்று. பிள்ளைகளுக்கு முறையான கல்வி, தொழிலாளருக்கு மருத்துவ வசதி, தோட்டங்களில் கள்ளுக்கடையை மூடுதல், பெண்களை மானபங்கம் செய்வதை நிறுத்துதல், உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக உரிமை, பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, சங்கம் வைக்கும் உரிமை ஆகியவை மற்றவை. துரை எதிரே வரும்போது சைக்கிளிலிருந்து இறங்காமல் போகும் உரிமையும் அதிலே இருந்தது!

எவ்வளவு சின்ன கோரிக்கை என்று சிலர் சிரிக்கலாம். பண்ணையார் எதிரே வந்தால் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிய தஞ்சை விவசாயத் தொழிலாளி சிரிக்க மாட்டான். அவனுக்குத் தெரியும் இதன் எடை. கூலியும் மானமும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் இடம் பெற்ற போராட்டம் அது.

பதில் என்ன வந்தது? மே மாதம் நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஜப்பானியப் படை வந்தது. தொழிலாளிக்கு முன்னால் சிங்கமாய் நின்ற துரைமார் கிடைத்த வண்டியில் ஏறி ஓடினார்கள்.

1942-43ல் சயாம்–பர்மா ரயில் பாதை போட ஜப்பானியர் தோட்டத் தமிழர்களை வாரிக்கொண்டு போனார்கள். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் பல்லாயிரக்கணக்கானோர் செத்தார்கள். அவர்களுக்குக் கல்லறை இல்லை; பெயர்ப் பட்டியலும் இல்லை. அதே காலத்தில்தான் தோட்டத்துப் பெண்கள் பலர் கூடையை வைத்துவிட்டு நேதாஜியின் ஜான்சி ராணிப் படையிலே துப்பாக்கி ஏந்தினார்கள். லயத்துக்குள் பிறந்து லயத்துக்குள் மடிய வேண்டியவர்கள் என்று எண்ணப்பட்டவர்கள் அணிவகுத்து நடந்தார்கள்.

யுத்தம் முடிந்ததும் கெடாவில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. தோட்டத்து இளைஞர்கள் கள்ளுக்கடைகளை மறியல் செய்தார்கள். "குடிக்காதே, படி, சங்கத்தில் சேர்" என்பதே அவர்கள் செய்த வேலையின் சாரம். பாடிக்காத பண்டிதர்கள் செய்யாத சமூக சீர்திருத்தம் அது. கள்ளுக்கடையை மூடினால் துரைக்கு ஏன் கோபம் வர வேண்டும்? குடியை விட்ட தொழிலாளி கணக்குக் கேட்பான் என்று துரைக்குத் தெரியும். 1947ன் தொடக்கத்திலே கெடாத் தோட்டங்களில் போலீஸ் பாய்ந்தது, உயிர்கள் பலியாயின.

அதே சமயம் சீனர், தமிழர், மலாய்க்காரர் என்ற பேதமின்றித் தொழிலாளரைத் திரட்டிய அகில மலேயாத் தொழிற்சங்க சம்மேளனத்துக்குத் தஞ்சைச் சீமைத் தம்பிக்கோட்டையிலே பிறந்த எஸ்.ஏ. கணபதி தலைவராக இருந்தார். 1948ல் ஏகாதிபத்தியம் அவசர நிலையைப் பிரகடனம் செய்து தொழிற்சங்கங்களை நசுக்கியது. 1949 மே 4ந் தேதி கணபதியைத் தூக்கிலிட்டார்கள். அதற்கு முதல் நாள் தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். கடல் கடந்த தமிழர் வரலாறு எழுதப்படும் மலர்களில் இந்த இரு பெயர்களுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கப்படுகிறது என்று நாம் கேட்கிறோம்.

தலைக்கு ஒரு வெள்ளி

வர்க்க ஸ்தாபனம் நசுக்கப்பட்ட பிறகும் மக்கள் சும்மா இருக்கவில்லை. சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1952ல் தமிழர் திருநாளைத் தொடங்கினார். மதம் பார்க்காமல், ஜாதி பார்க்காமல் தமிழர் அனைவரும் கூடும் விழா அது. மலாயாப் பல்கலைக் கழகத்திலே தமிழுக்கு இடம் வேண்டுமென்று 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டப்பட்டது. தலைக்கு ஒரு வெள்ளி. கூலிக்காரனும் சிறு கடைக்காரனும் கொடுத்தார்கள். 1956ல் இந்திய இயல் துறை அங்கே திறக்கப்பட்டது. பத்தாண்டுக்குப் பின் 1966ல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. ஆராய்ச்சியாளர்கள் அமர்ந்த அந்த நாற்காலிகளுக்கு அடியிலே தொழிலாளியின் வெள்ளிக்காசு இருந்தது.

கடையநல்லூர் மக்களையும் நினைக்க வேண்டும். நெசவு நலிந்து கப்பலேறிய முஸ்லிம் மக்கள் அவர்கள். அவர்கள்தான் 1946ல் சிங்கப்பூரில் உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளி கண்டார்கள். தறியில் வாழ்ந்தவர்கள் பள்ளிக்கூடம் கட்டினார்கள் என்றால் நமது ஆலைத் தொழிலாளர்கள் பெருமைப்பட வேண்டாமா?

தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, தொழிலாளரிடம் தவணைப் பணம் திரட்டி நிலத்தை வாங்க 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அதன் மூலம் சில தோட்டங்கள் காப்பாற்றப்பட்டன. ஆனால் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீட்டுமனையும் தொழிற்பேட்டையும் வந்தன. லயம் போயிற்று; லயத்தோடு வேலையும் வீடும் பள்ளியும் கோயிலும் சேர்ந்து போயின. 1957ல் மலாயாவில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன; இன்று 500க்குச் சற்று அதிகம். 2007 நவம்பர் 25ல் கோலாலம்பூர் வீதிகளில் பல்லாயிரம் பேர் திரண்டதற்குப் பின்னால் இந்த இழப்பெல்லாம் இருந்தது. மதத்தின் பெயரால் திரட்டினால் இந்த நோய் தீராது என்பது நமது கருத்து. ஆனால் நோய் மெய்யானது என்பதை மறுப்பவன் குருடன்.

இன்று கப்பலேறுகிறவன்

இது பழங்கதை என்று யாரும் மடித்து வைத்துவிட வேண்டாம். கப்பல் போய் விமானம் வந்திருக்கிறது. கங்காணி போய் ஏஜெண்டு வந்திருக்கிறான். முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தான் கங்காணி. ஏஜெண்டோ ஆளிடமே பணம் வாங்குகிறான். நிலத்தை அடகு வைத்து, தாலியை விற்று, வட்டிக்கு வாங்கிப் பிள்ளைகள் போகிறார்கள். சிங்கப்பூரிலே வேலை அனுமதிச் சீட்டில் உள்ள கட்டடத் தொழிலாளி குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. தங்கும் விடுதியிலிருந்து லாரியின் பின்புறத்தில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். 2013 டிசம்பரில் அங்கே ஒரு தமிழ்த் தொழிலாளி பஸ்ஸில் நசுங்கி இறந்தபோது கலவரம் மூண்டது. ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். 2020 கொரோனாக் காலத்தில் விடுதிகளில் அடைக்கப்பட்டவர்களில் 50,000 பேருக்கு மேல் நோய் தொற்றியது. 2024 ஜூன் 12ல் குவைத்தின் மங்காப் நகரில் தொழிலாளர் தங்கிய கட்டடம் தீப்பிடித்தபோது இந்தியர் 45 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள்.

இவர்களுக்கும் கலாச்சாரம் உண்டு. வெளிநாட்டுத் தொழிலாளருக்கென்று சிங்கப்பூரில் 2014 முதல் கவிதைப் போட்டி நடந்து வந்திருக்கிறது. சிமெண்டு கலக்கிய கை கவிதை எழுதுகிறது! ஆனால் அந்த நாடுகளில் உள்ள தமிழ்ச் சங்கங்கள் பலவற்றின் வாசல் இவர்களுக்கு எட்டாமல்தான் இருக்கிறது. சந்தா ஒரு தடை. உடுப்பு ஒரு தடை. 'கூலிக்காரன்' என்ற இளக்காரம் பெரிய தடை. நல்ல விதமாக நடக்கும் சங்கங்களும் உண்டு என்பதை நாம் அறிவோம், அவற்றைப் பாராட்டுகிறோம். நமது தொழிற்சங்கங்கள் மீதும் குறை உண்டு. ஊரை விட்டுப் போன தோழனின் பெயரை உறுப்பினர் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, அதோடு அவனை மறந்துவிடுகிறோம்.

ஆகவே நாம் கூறுகிறோம்:

ஆள் சேர்க்கும் ஏஜெண்டுகளில் பதிவு பெற்றவர் யார், பெறாதவர் யார் என்பதை ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் எழுதி ஒட்ட வேண்டும். ஏமாற்றுகிறவன் மீது உடனே வழக்குப் போட வேண்டும். அயலகத் தமிழர் நல வாரியத்திலே கட்டடத் தொழிலாளரும் வீட்டு வேலைப் பெண்களும் தங்கள் பிரதிநிதிகளோடு இடம் பெற வேண்டும். ஜனவரி விழா மேடையிலே முதல் வரிசை அவர்களுக்கு வேண்டும். வேலை செய்யும் இடத்தில் இறந்தால் உடலைக் கொண்டுவரும் செலவும் நஷ்ட ஈடும் குடும்பத்தார் கெஞ்சாமல் கிடைக்க வேண்டும். அயல்நாட்டுத் தமிழ்ச் சங்கங்கள் ஞாயிற்றுக்கிழமையிலாவது தொழிலாளருக்குத் தங்கள் கதவைத் திறந்து, ஒரு படிப்பகமும், வேலை ஒப்பந்தத்தைப் படித்து விளக்க ஓர் ஆளும் வைக்க வேண்டும்.

தோழர்களே! உங்கள் பங்கும் இதில் இருக்கிறது. உங்கள் தெருவிலிருந்து யார் எந்த நாட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்று சங்கக் கிளையிலே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். போகிறவனை உட்காரவைத்து ஒப்பந்தத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். திரும்பி வந்தவனைப் பேசச் சொல்லுங்கள்; அவன் பட்ட பாடு அடுத்தவனுக்குப் பாடம். மே 4ந் தேதி கணபதியின் படத்துக்கு முன்னால் உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் கதையைச் சொல்லுங்கள்.

துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்று சொன்னவர்களின் வாரிசுகள் நாம். அந்தச் சைக்கிள் இன்னும் ஓட வேண்டிய தூரம் இருக்கிறது.