கோவை ரேடியோவின் குரல்கள்

காரமடையில் ஐம்பது பிராயம் கடந்த எவரையும் நிறுத்தி, "உங்களுக்கு மிகவும் பிடித்தமான ரேடியோக் குரல் யாருடையதுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். டில்லியிலிருந்து செய்தி வாசித்த சரோஜ் நாராயணசாமியைச் சொல்வார். கொழும்பிலிருந்து பேசிய மயில்வாகனத்தையும், கே. எஸ். ராஜாவையும், பி. எச். அப்துல் ஹமீதையும் சொல்வார். சென்னையிலிருந்து காலைதோறும் கதை சொன்ன தென்கச்சி கோ. சுவாமிநாதனை மறக்கவே மாட்டார். சரி, முப்பது கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கும் கோவை நிலையத்தில் பேசியவர் யார் என்று அடுத்தாற்போல் கேளுங்கள். குரல் ஞாபகத்தில் இருக்கிறது என்பார். பேச்சின் சாயலையும் சொல்லிக் காட்டுவார். பெயர் மாத்திரம் வாய்க்கு வராது.

இதை ஜனங்களின் மறதி என்று தள்ளிவிடுவது நியாயமன்று. தினந்தோறும் கேட்ட குரலை நாற்பது வருஷம் கழித்தும் அடையாளம் சொல்லுகிறவர்களுக்கு மறதி ஏது? அவர்களுக்குப் பெயர் சொல்லப்படவில்லை. சொன்ன குரல்களும் சேமித்து வைக்கப்படவில்லை. ஆண்டுதோறும் பிப்ரவரி 13-ந் தேதி உலக ரேடியோ தினம் என்று கொண்டாடுகிறோம். அன்று மாலை போடுவதற்கு நம்முடைய ஜில்லாவில் யார் இருந்தார்கள் என்பதே தெரியாத நிலைமையைப் பற்றிச் சற்று விசாரிப்பது அவசியமென்று கருதுகிறோம்.

தமிழ்நாட்டில் ரேடியோ சர்க்காரின் முயற்சியால் பிறந்ததன்று. 1924-ல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் கூடிச் சென்னை மாகாண ரேடியோ சங்கத்தை அமைத்து, அவ்வருஷம் ஜூலை 31-ந் தேதி ஒலிபரப்பைத் தொடங்கினார்கள். பணமின்மையால் 1927-ல் அது நின்றது. சங்கம் கொடுத்த சாதனங்களைக் கொண்டு 1930-ல் சென்னை நகரசபை ஒலிபரப்பை நடத்த ஆரம்பித்தது. 1938-ல்தான் அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையமும், 1939-ல் திருச்சி நிலையமும் ஏற்பட்டன. கொங்கு நாடு காத்திருக்க வேண்டியிருந்தது. நூற்பாலைகளும் வேளாண்மைக் கல்லூரியும் நிறைந்த ஒரு பெருநகரத்துக்குச் சொந்தமாக ஒரு நிலையம் 1966-ல்தான் கிடைத்தது. அதுவரையில் நம்மவர்கள் திருச்சியையும் கொழும்பையும் கேட்டுக் காதைப் பழக்கிக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் ரேடியோவின் அருமையை நம் ஊர்க்காரர் ஒருவர் வெகு முன்பே அறிந்திருந்தார். ஐந்து வால்வு ரேடியோப் பெட்டியை எழுபது ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்துகொடுக்க முடியும் என்று 1941-ல் ஜி. டி. நாயுடு சொன்னார். அந்நிய சர்க்காருக்கு அதில் உற்சாகம் இருக்க நியாயமில்லை. குடியானவன் வீட்டில் ரேடியோ இருந்தால் அவன் எதைக் கேட்பானோ என்ற அச்சம் அவர்களுக்கு இருந்ததில் ஆச்சரியம் என்ன? 1942 ஆகஸ்டு முதல் நவம்பர் வரையில் உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் ஒளிந்திருந்து நடத்திய காங்கிரஸ் ரேடியோ, அந்த அச்சம் வீணானதல்ல என்று நிரூபித்தது. ஐந்து வருஷங்களுக்குப் பின், 1947 ஆகஸ்டு 15-ந் தேதி, நாடு விடுதலையடைந்த செய்தியை டில்லியிலிருந்து தமிழில் வாசித்தவர் பூர்ணம் விசுவநாதன். பிற்காலத்தில் நாடகத்திலும் சினிமாவிலும் அவர் எவ்வளவோ வேஷம் கட்டினார். அந்த ஒரு வாசிப்புக்கு ஈடாக எதைச் சொல்வது?

சுதந்திர சர்க்கார் ரேடியோவை எப்படி நடத்தியது என்பதில் கசப்பான ஒரு பாடம் உண்டு. 1952-ல் செய்தி ஒலிபரப்பு மந்திரியான கேஸ்கர், சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறதென்று எண்ணி, அதற்கு இடமில்லாமல் செய்தார். சாஸ்திரீய சங்கீதத்தின்பால் அவருக்கிருந்த பக்தி மெச்சத்தக்கதே. ஆனால் கேட்பவன் கையில் ஒரு திருகாணி இருக்கிறது என்பதை அவர் நினைக்கவில்லை. நேயர்கள் அதைத் திருகிக் கொழும்புக்குப் போய்விட்டார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் நேச நாட்டுச் சேனைகளுக்காக அமைக்கப்பட்ட வலிமை மிக்க ஒலிபரப்புக் கருவிகள் 1949-ல் இலங்கை சர்க்காரிடம் வந்து சேர்ந்திருந்தன. அவற்றின் உதவியால் கொழும்பு, தமிழ்நாட்டின் வீடுதோறும் நுழைந்தது. தவறு தெரிந்து, 1957 அக்டோபரில் விவித பாரதி என்ற புது ஒலிபரப்பை டில்லி தொடங்க வேண்டியதாயிற்று.

கொழும்பை ஜனங்கள் பாட்டுக்காக மட்டும் நேசித்தார்கள் என்று சொல்வது அந்த அறிவிப்பாளர்களுக்குச் செய்யும் அநீதி. எஸ். பி. மயில்வாகனத்தின் தமிழில் பிழை கண்டவர் இல்லை. சொற்களை அவர் மென்று விழுங்கியதில்லை. நேயரைத் தாழ்த்திப் பேசியதுமில்லை. கே. எஸ். ராஜாவின் வேகம் வேறு வகை. மூச்சு விடாமல் பேசினாலும் ஓர் எழுத்துக்கூடச் சிதையாது. 1989-ல் கொழும்பில் அவர் கொலையுண்டார் என்ற செய்தி தமிழகத்திலும் பலரை வருத்தியது. ராஜேஸ்வரி சண்முகத்தின் குரலில் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் பேசும் பரிவு இருந்தது. 2012-ல் அவர் காலமானார். 'பாட்டுக்குப் பாட்டு' என்று அப்துல் ஹமீது நடத்திய போட்டியைக் கல்யாண வீடுகளில் நம் குழந்தைகள் இன்றும் ஆடுகிறார்கள். விளையாட்டு எங்கிருந்து வந்ததென்று அவர்களுக்குத் தெரியாது. இவர்கள் எல்லோரும் தத்தம் பெயரைச் சொல்லிக்கொண்டார்கள், அல்லது சொல்ல அனுமதிக்கப்பட்டார்கள். நேயர் எழுதிய கடிதத்தைப் படித்து, ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் உச்சரித்தார்கள். கடல் கடந்த நாட்டிலிருந்து ஒருவர் தன் ஊர்ப் பெயரைச் சொல்லக் கேட்ட குடியானவன் அவரை எப்படி மறப்பான்? இலங்கையைச் சேர்ந்த சோ. சிவபாதசுந்தரமே லண்டன் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்று பெயர் சூட்டியவர். ஒலிபரப்புக் கலையைப் பற்றித் தமிழில் தனி நூல் எழுதியவரும் அவரே. அந்தக் கலையை அவர்கள் கலையாகவே பாவித்தார்கள். நாம் அதை உத்தியோகமாகப் பாவித்தோம்.

ஆனால் கொழும்பு செய்யாத ஒன்றை நம் நிலையங்கள் செய்தன. விவசாய ஒலிபரப்பைச் சொல்லுகிறோம். ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் 1960-களில் தஞ்சை ஜில்லாவில் பரவியபோது, திருச்சி நிலையத்தின் ஒலிபரப்பினாலேயே அது அத்தனை வேகமாகப் பரவிற்று. விவசாயிகள் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு பயிருக்கு ரேடியோவின் பெயரை இடும்படி ஜனங்கள் நம்பினார்கள் என்றால், பேசியவர்கள் அந்த நம்பிக்கையைச் சம்பாதித்திருக்க வேண்டுமல்லவா? தென்கச்சி சுவாமிநாதனும் வேளாண்மைப் பட்டதாரி. 1977-ல் திருநெல்வேலி நிலையத்தில் விவசாய ஒலிபரப்புக்கு வந்து சேர்ந்தவர். பின்னர் சென்னையிலிருந்து 'இன்று ஒரு தகவல்' சொன்னபோதும், வரப்பில் உட்கார்ந்து பேசுகிற தொனியை அவர் விடவில்லை. சிரிக்க வைத்துவிட்டுத் தாம் சிரிக்காமல் இருப்பார். 2009-ல் அவர் மறைந்தார்.

கோவை நிலையமும் அப்பணியைத் தொடர்ந்தது. வேளாண்மைப் பல்கலைக் கழகம் அருகிலேயே இருப்பதால் நிபுணர்களுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் ஏற்படக்கூடியது, நிபுணரின் பாஷையைக் கேட்பவனின் பாஷையாக்கித் தருகிறவருக்குத்தான். கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் பேர்போன காரமடை, மேட்டுப்பாளையம் வட்டாரத்தில், பூச்சி மருந்தின் அளவைச் சொல்லும்போது ஒரு சொல் பிசகினாலும் நஷ்டம் குடியானவனுக்கே. "ஏனுங்க, தண்ணி எத்தனை குடம் ஊத்தறதுங்க?" என்று ஸ்டுடியோவில் ஒருவர் குடியானவராக நின்று கேட்டு, விடையை வரவழைக்கும் அந்தச் சாமர்த்தியம் பட்டத்தால் வருவதன்று. கொங்குப் பேச்சின் மரியாதையும் இழுப்பும் ரேடியோவில் ஏறியதால், 'நம் பேச்சும் பேச்சுத்தான்' என்ற தைரியம் நம் கிராமத்தாருக்கு ஏற்பட்டது. அதைச் செய்தவர்களின் பெயரைத்தான் நாம் இழந்து நிற்கிறோம்.

இப்பொழுதுள்ள நிலைமையையும் சொல்லவேண்டும். இந்த நூற்றாண்டில் தனியார் பண்பலை நிலையங்கள் வந்தன. கோவையில் மட்டும் பல இயங்குகின்றன. அங்கே பேசுகிற இளைஞர்களும் யுவதிகளும் தம் பெயரைத் தாராளமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். நேயர்கள் அவர்களைத் தெருவில் கண்டு கொண்டாடுகிறார்கள். அதில் நமக்கு மனத்தாங்கல் இல்லை. சுறுசுறுப்பும் நகைச்சுவையும் உள்ளவர்கள் அவர்கள். பாதிக்குப் பாதி இங்கிலீஷ் கலக்காமல் பேசினால் இன்னும் நன்றாயிருக்கும் என்பது வேறு விஷயம். ஆனால் சொந்தமாகச் செய்தி சொல்ல அவர்களுக்குச் சட்டம் இடம் தருவதில்லை. 2019 முதல் சர்க்கார் ரேடியோவின் செய்திகளை நிபந்தனையுடன் எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவே. பவானியில் வெள்ளம் என்றால் பத்திரிகை எழுதலாம், டெலிவிஷன் காட்டலாம், பக்கத்து ஊர் ரேடியோ தன் வாயால் செய்தியாகச் சொல்லக்கூடாது என்பது என்ன நியாயமோ தெரியவில்லை.

மத்திய அலையின் விஷயமும் கவனிக்கத்தக்கது. அது தரையை ஒட்டிச் செல்வதால் வெகு தூரம் எட்டும். மேட்டையும் பள்ளத்தையும் ஓரளவு சமாளிக்கும். பண்பலையோ கண் பார்வை போல நேர்கோட்டில் செல்வது. குன்றுக்குப் பின்னால் அது ஓய்ந்துபோகும். சமவெளியில் உள்ள காரமடைக் கடைவீதிக்குக் குறையில்லை. பில்லூர்ப் பக்கத்து மலைக் குடியிருப்புகளுக்கு அப்படிச் சொல்ல முடியாது. பழைய அலைகளைச் சிக்கனத்தின் பெயரால் கைவிடுவதற்கு முன் அதிகாரிகள் அந்த மலையடிவாரங்களுக்கு ஒரு பெட்டியை எடுத்துப் போய்த் திருகிப் பார்க்கட்டும்.

சர்க்கார் ரேடியோவை நிர்வகிக்கும் பிரசார் பாரதி 1997-ல் அமைந்தது. டில்லியில் பெரிய ஒலிக் களஞ்சியம் வைத்திருக்கிறது. பெரும் வித்துவான்களின் கச்சேரிகளைத் தேடியெடுத்து வெளியிட்டும் இருக்கிறது, பாராட்டுகிறோம். கச்சேரிக்குக் காட்டிய சிரத்தையை வயல்வெளிப் பேச்சுக்கும், கிராமிய நாடகத்துக்கும், அறிவிப்பாளரின் குரலுக்கும் காட்டக்கூடாதா? ஒலி நாடாவின் விலையை எண்ணி, ஒன்றை அழித்து அதன் மேலேயே இன்னொன்றைப் பதிந்த காலம் ஒன்றிருந்தது. அழிந்தது போகட்டும். எஞ்சியுள்ள நாடாக்கள் கோவை நிலையத்தில் எத்தனை, அவற்றில் யார் யார் குரல் இருக்கிறது என்று ஒரு ஜாபிதா தயாரித்து வெளியிடுவதற்குக் கோடி ரூபாய் வேண்டியதில்லை. பழைய நேயர்கள் சிலர் வீட்டிலேயே பதிவு செய்து வைத்த கேசட்டுகள் இருக்கக்கூடும். அவற்றையும் கேட்டு வாங்கிச் சேர்க்கலாம். பழைய அறிவிப்பாளர்களில் உயிரோடு இருப்பவர்களைச் சந்தித்து, பெயரையும் பணியாற்றிய வருஷத்தையும் அவர்கள் வாயாலேயே பதிந்துகொள்ளும் வேலையை வேளாண்மைப் பல்கலைக் கழகமும் இங்குள்ள கல்லூரிகளின் சமுதாய ரேடியோக்களும் ஏற்கலாம்.

மாதத்துக்குச் சில நாள் மட்டும் அழைக்கப்பட்டு, அந்த நாளுக்கு மட்டும் கூலி பெற்று, பெயரில்லாமல் பேசிவிட்டுப் பஸ் ஏறிப் போகிற தற்காலிக அறிவிப்பாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். காரமடையிலிருந்து விடியற்காலைப் பஸ்ஸில் போய்க் காலை நிகழ்ச்சிக்குக் குரல் கொடுக்க ஒருவர் கிளம்புவாரானால், நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் அவர் பெயரை அவர் சொல்ல அனுமதி தரவேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. நிலைய அதிகாரி கையொப்பமிடும் ஒரு வரி உத்தரவு போதும். அதை நாளைக்கே போடலாம்.