பூக்கடைக்கும் விளம்பரம் தேவை

பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்பது தமிழகக் கடைத்தெருக்களில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் பேச்சு. சரக்கு நன்றாக இருந்தால் வாடிக்கையாளர் தானே தேடி வருவார் என்ற இந்த நம்பிக்கை தில்லியின் சதர் பஜாரிலும், லூதியானாவின் பின்னலாடைப் பட்டறைகளிலும், உத்தரப் பிரதேசத்தின் குர்ஜா பீங்கான் சூளைகளிலும் இதே அழுத்தத்துடன் நிலவுகிறது. பூவின் மணம் அடுத்த தெரு வரைதான் செல்லும் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த அடுத்த தெருக்காரரும் இப்போது கைப்பேசியில்தான் கடை தேடுகிறார்.

தேசிய மாதிரி ஆய்வின் 73-ஆவது சுற்றில், 2015-16-ஆம் ஆண்டில், நாட்டிலுள்ள குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களின் எண்ணிக்கை 6.33 கோடி என மதிப்பிடப்பட்டது. அவை வேலை அளித்தவர்கள் 11.10 கோடிப் பேர். அவற்றில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்டவை குறு நிறுவனங்கள். நாடாளுமன்றக் கூட்டத் தொடர்களில் இவர்களைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகளுக்குக் குறைவில்லை. கடன் கிடைக்கிறதா, நிலுவைத் தொகை வந்ததா, வரி விவரம் தாக்கல் செய்வது எளிதாக்கப்படுமா என்றெல்லாம் உறுப்பினர்கள் கேட்கிறார்கள்; அமைச்சர்கள் பட்டியலை இணைத்துப் பதிலளிக்கிறார்கள். இவர்கள் செய்யும் பொருளை வாங்க வேண்டியவர்களுக்கு இவர்களைத் தெரியுமா என்ற கேள்வி மட்டும் அந்த அளவுக்கு எழுவதில்லை.

உண்மையில் மற்றக் கேள்விகளில் பலவும் இதனுடன் பிணைந்தவை. நிலுவைத் தொகைப் பிரச்னையையே எடுத்துக்கொள்ளலாம். 2006-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு நிறுவனத்திடம் பொருள் வாங்கியவர் அதிகபட்சம் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு வட்டி. அதுவும் மாதந்தோறும் கணக்கிடப்படும் கூட்டு வட்டி. முறையிட மாநிலந்தோறும் மன்றங்கள் உண்டு. 2017-இல் 'சமாதான்' என்ற இணையதளமும் தொடங்கப்பட்டது. போதாதென்று, 45 நாள் கெடுவுக்குள் பணம் தராதவர் அத்தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்டி வரிச் சலுகை பெற முடியாது என்று 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தைத் திருத்தியது.

இதைவிடக் கடுமையாக ஒரு சட்டத்தை எழுதுவது கடினம். ஆயினும் அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது அதைத் தள்ளிவைக்குமாறு கோரியவர்களில் வணிகர் அமைப்புகளும் இருந்தன. பெரிய நிறுவனங்கள் தங்களை விட்டுவிட்டு வேறிடம் கொள்முதல் செய்யப் போய்விடும் என்பதே அவர்களின் அச்சம். ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளரை நம்பி வாழ்பவர் அவர் மீது புகார் தர மாட்டார், தரவும் முடியாது. எந்தச் சட்டம் வந்தாலும் இந்த நிலை மாறாது. மாற வேண்டுமானால் இரண்டாவது, மூன்றாவது, நூறாவது வாடிக்கையாளர் வேண்டும். அவர்களுக்கு நிறுவனத்தின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். பணம் கொடுத்து விளம்பரம் செய்வதை ஆடம்பரமாகக் கருதும் சிறுதொழில் உரிமையாளர், தன் பேரம் பேசும் வலிமையைத் தானே விட்டுக்கொடுக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

இணைய விற்பனைத் தளங்கள் வந்த பின்னர் இந்தச் சார்பு வேறு வடிவம் எடுத்திருக்கிறது. தளத்தில் பொருளைப் பட்டியலிட்டுவிட்டால் நாடு முழுவதும் சந்தை திறந்துவிடும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால், அங்கு பொருள் வாங்குபவரின் நினைவில் தங்குவது தளத்தின் பெயரே. தயாரித்தவரின் பெயர் அன்று. வாங்கியவரின் முகவரியும் பழக்கமும் தளத்தின் வசமே இருக்கின்றன. தரகுத் தொகையை உயர்த்தினாலும், பட்டியலில் பொருளைக் கீழே தள்ளினாலும் கேட்க வழியில்லை. பட்டியலில் மேலே வர அங்கும் பணம் கட்ட வேண்டும். அதுவும் விளம்பரம்தான், எனினும் அதில் வளர்வது வேறொருவரின் கடை. இந்தச் சார்பைக் குறைக்கும் நோக்குடன் மத்திய அரசின் முன்முயற்சியில் 2021 டிசம்பர் இறுதியில் ஓஎன்டிசி என்ற திறந்த வணிக வலையமைப்பு நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது. நல்ல முயற்சியே. ஆயினும் திறந்த சந்தையிலும் தெரிந்த பெயரைத்தான் மக்கள் தேடுவார்கள்.

தலைநகரிலேயே இதற்குச் சான்று உண்டு. பிரிவினையின்போது சியால்கோட்டிலிருந்து அகதியாக வந்த தரம்பால் குலாட்டி, தில்லியில் குதிரை வண்டி ஓட்டினார். பின்னர் கரோல் பாகில் சிறியதொரு மசாலாக் கடை வைத்தார். தலைப்பாகையும் மீசையுமாகத் தன் முகத்தையே விளம்பரமாக்கினார். திரைப்பட நட்சத்திரத்துக்குக் கொடுக்க வேண்டிய பணம் மிச்சம் என்று கேலி பேசியவர்களும் உண்டு. 2020 டிசம்பரில் அவர் மறைந்தபோது எம்டிஹெச் என்ற மூன்றெழுத்தை அறியாத சமையலறை வட இந்தியாவில் அரிது. அகமதாபாதில் 1969-இல் கர்சன்பாய் படேல் வீட்டுக் கொல்லையில் சலவைத் தூள் தயாரித்து, மிதிவண்டியில் வைத்து வீடு வீடாக விற்றார். பன்னாட்டு நிறுவனத்தின் தூளைவிட நிர்மாவின் விலை வெகுவாகக் குறைவு. ஆயினும் அதைக் குஜராத்துக்கு வெளியே கொண்டு சேர்த்ததில் வெள்ளைச் சட்டைச் சிறுமி சுழன்றாடும் விளம்பரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கடலூரில் 1983-இல் 15,000 ரூபாயுடன் தொழில் தொடங்கிய சி.கே. ரங்கநாதன், ‘சிக்’ ஷாம்பூ பொட்டலங்களை வானொலி விளம்பரத்தின் துணையுடனும் கிராமங்களில் நேரடிச் செயல்விளக்கம் காட்டியும் விற்றது தமிழக வாசகர்கள் அறிந்ததே.

வென்றவர்களின் கதை மட்டுமே பேசப்படும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. விளம்பரம் செய்து கடனில் மூழ்கியவர்களைப் பற்றி எவரும் நூல் எழுதுவதில்லை. தரமற்ற பொருளுக்குச் செய்யப்படும் விளம்பரம், அது தரமற்றது என்ற செய்தியை விரைவாகப் பரப்பவே உதவும். தவிரவும், மேற்சொன்ன மூவரின் காலத்தில் விளம்பரம் என்பது பெருந்தொகை. விவித் பாரதியில் 1967 நவம்பரிலும், தூர்தர்ஷனில் 1976 ஜனவரியிலும்தான் வர்த்தக விளம்பரங்களே தொடங்கின. சிறு வணிகருக்கு எட்டியவை நாளிதழின் வரி விளம்பரமும், திரையரங்கில் காட்டப்படும் ஸ்லைடும், சுவரெழுத்தும் மட்டுமே. இப்போது நாளொன்றுக்குச் சில நூறு ரூபாய் செலவில், கடையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களின் கைப்பேசிக்கு மட்டும் விளம்பரத்தைச் சேர்க்க முடிகிறது. உள்ளூர் நாளிதழ்ப் பதிப்பு மட்டும் போதுமென்றால் அதற்குத் தனிக் கட்டணம். சிறியவருக்கு எட்டாத கனி என்ற காரணம் காலாவதியாகிவிட்டது.

விளம்பரத்துக்குப் பணமில்லை என்று சொல்பவர்களின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் வேறொரு உண்மை தெரியும். ராம்லீலா குழுவின் மலருக்கு அரைப் பக்கம், கும்பாபிஷேக மலருக்குக் கால் பக்கம், வட்டச் செயலாளர் கேட்டாரென்று கட்சி மாநாட்டு மலருக்கு முழுப் பக்கம், தீபாவளிக்கு நாள்காட்டி. ‘நல்வாழ்த்துகளுடன்’ என்ற ஒரு சொல்லுக்குக் கீழே கடையின் பெயர். என்ன விற்கப்படுகிறது என்ற விவரம்கூட இராது. ஆண்டுக்கு எவ்வளவு போகிறது என்று அவரைக் கேட்டால் சொல்லத் தெரியாது. அரசியல் கட்சிகளின் மலர்களில் செய்யும் விளம்பரத்தைத் தொழில் செலவாகக் கழிக்க முடியாது என்று 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 37-ஆவது பிரிவிலேயே தடை சேர்க்கப்பட்டது. தொழிலுக்காகவே முழுமையாகச் செய்யப்படும் விளம்பரத்துக்கோ அந்தச் சலுகை உண்டு. இரண்டாவதற்குத் தயங்குபவர் முதலாவதற்குத் தாராளமாகக் கொடுப்பது விந்தை. விளம்பரத்தின் பயனை அரசியல் கட்சிகளுக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை. அரசுகளோ, அரசு விளம்பரங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2015 மே மாதத்தில் நெறிமுறை வகுக்க வேண்டிய அளவுக்கு அதை அறிந்தவை.

எவ்வளவு செலவிடலாம் என்பதற்குப் பொது விதி இல்லை. ஆனால் கணக்கிட முடியும். ஊறுகாய் தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்று மாதம் 6,000 ரூபாய்க்கு விளம்பரம் செய்து 40 புதிய வாடிக்கையாளர்களைப் பெறுவதாகக் கொள்வோம். ஒருவரைப் பெற 150 ரூபாய் ஆகிறது. முதல் முறை அவர் வாங்கும்போது கிடைக்கும் லாபம் 60 ரூபாய் என்றால், உரிமையாளர் 90 ரூபாய் நஷ்டம் என்று முடிவுகட்டி விளம்பரத்தை நிறுத்திவிடுவார். அதே நபர் மூன்றாவது முறை வாங்கும்போது லாபம் 180 ரூபாய் ஆகிறது. அதன் பிறகு வருவதெல்லாம் ஆதாயம். ஆகவே புதியவர் எத்தனை பேர் வந்தார்கள் என்பதுடன், எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதையும் குறித்துவைக்க வேண்டும். எங்கே பார்த்து வந்தீர்கள் என்று கல்லாவில் கேட்டு ஒரு நோட்டில் எழுதினாலே பாதி வேலை முடிந்தது. இதைச் செய்யாமல் ஒரு வாரம் விளம்பரம் செய்துவிட்டுப் பலனில்லை என்பவர்களே மிகுதி. மூன்று மாதமாவது தொடர்ந்து செய்ய இயலாதவர் தொடங்காமல் இருப்பதே மேல்.

பெயரைப் பரப்புவதற்கு முன் அந்தப் பெயர் தன்னுடையதா என்பதை உறுதி செய்துகொள்வது அவசியம். தனிநபரும் சிறு நிறுவனமும் இணையம் வழியாக வர்த்தகச் சின்னத்துக்கு விண்ணப்பிக்க, ஒரு வகைப் பொருளுக்கு 4,500 ரூபாய் கட்டணம் என 2017-ஆம் ஆண்டு விதிகள் நிர்ணயித்தன. மற்றவர்களுக்கு இது 9,000 ரூபாய். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். இது இல்லாமல் விளம்பரம் செய்பவர், போலிகளுக்குச் சந்தை உருவாக்கித் தருகிறார். இணையத்தில் வேறொரு வம்பும் உண்டு. ஒரு நிறுவனத்தின் பெயரைத் தேடுவோருக்குத் தன் விளம்பரம் தெரியும்படி போட்டியாளர் அந்தப் பெயரையே ஏலத்தில் எடுக்க முடியும். அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் என்ற பெயர் தொடர்பாக டிஆர்எஸ் லாஜிஸ்டிக்ஸ் நிறுவனத்துக்கும் கூகுளுக்கும் இடையே நடந்த வழக்கில், தில்லி உயர்நீதிமன்ற அமர்வு 2023 ஆகஸ்ட் 10-இல் தீர்ப்பளித்தது. இத்தகைய ஏலத்தில் கூகுள் வெறும் பார்வையாளர் அல்ல, செயலூக்கமுள்ள பங்கேற்பாளர் என்று அது கூறியது. அதே வேளையில், மக்களைக் குழப்பாதவரை மற்றவரின் சின்னத்தைத் தேடுசொல்லாகப் பயன்படுத்துவது மட்டுமே அத்துமீறல் ஆகாது என்றும் தெளிவுபடுத்தியது. பெயரைப் பதிவு செய்யாத சிறு வணிகர் இத்தகைய வழக்கில் எதைக் காட்டி வாதாடுவார்?

மிகைப்படுத்தலும் ஆபத்தானது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். 2022 ஜூனில் வெளியான நெறிமுறைகள் பெரியவர், சிறியவர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. நாட்டிலேயே முதலிடம், நூறு சதவீதம் இயற்கை என்றெல்லாம் எழுதுவோர் அதற்கான ஆதாரத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். மூலிகைத் தைலம் விற்பவர்கள் 1954-ஆம் ஆண்டின் மாய மருந்துகள் விளம்பரத் தடைச் சட்டத்தையும் ஒருமுறை படித்துவிடுவது நலம்.

அரசின் பங்கு என்ன? பொதுத்துறை நிறுவனங்களும் மத்திய அமைச்சகங்களும் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்ற ஏற்பாடு உள்ளது. தில்லி பிரகதி மைதானத்தில் ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் நடைபெறும் இந்திய சர்வதேச வர்த்தகக் கண்காட்சியில் சிறுதொழில்களுக்கு அரங்கு ஒதுக்கப்படுகிறது. பதினான்கு நாள்கள் கூட்டம் அலைமோதும். அதன் பிறகு ஊர் திரும்பும் உற்பத்தியாளரை அடுத்த நவம்பர் வரை எவரும் நினைப்பதில்லை. முத்ரா கடன் வரம்பு 2024-இல் 20 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. இயந்திரத்துக்கு விலைப்புள்ளி காட்டினால் வங்கி மேலாளர் கோப்பைத் திறக்கிறார். ஓராண்டு விளம்பரத் திட்டத்தைக் காட்டினால் கோப்பை மூடிவிடுவார். இயந்திரத்தைப் பறிமுதல் செய்யலாம், பெயரைப் பறிமுதல் செய்ய முடியாது என்பது வங்கியின் நியாயம். ஆனால், உற்பத்தியைப் பெருக்கக் கடன் தந்து, விற்பதற்கு வழி தராவிட்டால் அந்த இயந்திரமும் ஓடாது, தவணையும் வராது.

வரியிலும் முரண்பாடு இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனங்களின் இணைய விளம்பரங்களுக்கு 2016 முதல் விதிக்கப்பட்டுவந்த 6 சதவீத சமன்பாட்டு வரி, 2025 ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டது. நாளிதழில் விளம்பர இடத்துக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. இணைய விளம்பரத்துக்கு 18 சதவீதம். வழக்கமான முறையில் பதிவு செய்த நிறுவனம் இந்த வரியை உள்ளீட்டு வரவாகத் திரும்பப் பெற்றுவிடுகிறது. ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை உள்ளோருக்கான இணக்க முறையில் இருப்பவருக்கோ அந்த வழியில்லை. பெரிய நிறுவனத்துக்கு 6,000 ரூபாய் அடக்கமாகும் இணைய விளம்பரம், சிறியவருக்கு 7,080 ரூபாயாகிறது. விளம்பரம் யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே அது விலை கூடுதல்.

ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கைக்கு முன்னர் நிதி அமைச்சகத்தின் கதவைத் தட்டும் சிறுதொழில் அமைப்புகள், கடன் வரம்பையும் வட்டி மானியத்தையும் கேட்கின்றன. இணக்க முறையில் உள்ளோர் விளம்பரத்துக்குச் செலுத்தும் வரியில், ஆண்டுக்கு ஒரு குறிப்பிட்ட தொகை வரையிலாவது திரும்பக் கிடைக்க வகைசெய்யுமாறு அந்தப் பட்டியலில் ஒரு வரி சேர்க்கலாம். முத்ரா கடனில் ஒரு பகுதியைச் சந்தைப்படுத்தலுக்கென ஒதுக்கும்படி வங்கிகளுக்கு அறிவுறுத்தக் கோருவதும் இயலாத ஒன்றல்ல.