கையில போன் இல்லையே சார்!

"கையில போனே இல்லையே சார், காதுலதானே இருக்கு?"

அண்ணா சாலையில் ஒரு பைக் இளைஞர் போக்குவரத்துக் காவலரிடம் வாதாடிக்கொண்டிருந்தார். காவலரும் கொஞ்சம் யோசித்துவிட்டு அனுப்பிவிட்டார். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம்கூட, ஓட்டும்போது 'கையில் பிடித்திருக்கும்' கருவியைத்தான் பெயர் சொல்லிக் கண்டிக்கிறது. என் சண்டையே அந்தக் 'கை'யோடுதான். ஆபத்து கையில் இருப்பதாக யார் சொன்னது?

அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் டேவிட் ஸ்ட்ரேயர் 2001-லேயே சோதித்துச் சொல்லிவிட்டார். செல்போனில் பேசினால் சிக்னலைக் கோட்டைவிடுவது இரண்டு மடங்காகிறது. போனைக் கையில் பிடித்தாலும் சரி, பிடிக்காவிட்டாலும் சரி, ஒரே லட்சணம்தான். ரேடியோ கேட்டவர்களுக்கு இந்தக் கோளாறு இல்லை.

2003-ல் அவர் குழு செய்த சோதனைதான் வயிற்றைக் கலக்குகிறது. கார் ஓட்டுவது போன்ற சிமுலேட்டரில் ஆட்களை உட்காரவைத்து, கண் எங்கெங்கே போகிறது என்று கருவி வைத்துக் கணக்கெடுத்தார்கள். வழியெல்லாம் விளம்பரப் பலகைகள். போனில் பேசியவர்களின் கண்ணும் பலகை மேல் விழத்தான் செய்தது. ஆனால் 'இதைப் பார்த்தீர்களா?' என்று பிறகு கேட்டால், பேசாமல் ஓட்டியபோது ஞாபகம் இருந்ததில் ஏறக்குறைய பாதிதான் தேறியது. கண் பார்த்தது, ஆள் பார்க்கவில்லை!

நான் வெறும் பி.காம்., எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். கவனம் என்பது ஒரே அக்கவுன்ட். மேனேஜருக்கு எடுத்துக் கொடுத்தால் ரோட்டுக்கு பேலன்ஸ் இருக்காது. மிச்சத்தை மூளை வழக்கத்தை வைத்து ஒப்பேற்றிவிடும். பச்சை விளக்கா? ரோடு காலியாகத்தான் இருக்கும். பையோடு குறுக்கே நடக்கிற பாட்டி அந்த எதிர்பார்ப்பிலேயே கிடையாது. அதனால்தான் இடித்தவர், "திடீர்னு வந்துட்டாங்க சார்" என்று சத்தியம் பண்ணுகிறார். பொய் சொல்கிறார் என்று நாம் நினைக்கிறோம். இல்லை, அவர் ஞாபகத்தில் பாட்டி நிஜமாகவே திடீரென்றுதான் வந்தார். பாட்டியோ அரை நிமிஷமாக ரோட்டில் இருந்தார். இப்படிப்பட்டவரை என்னவென்று குறுக்கு விசாரணை செய்வது?

"அப்போ பக்கத்து சீட்ல மனைவி பேசினா மட்டும் பரவாயில்லையா?" என்பீர்கள். அதையும் 2008-ல் சோதித்துவிட்டார்கள். கூட இருப்பவர் பேசுவது அவ்வளவு கெடுதல் செய்யவில்லை. காரணம், அவருக்கும் ரோடு தெரிகிறது. மனைவி பேச்சை நிறுத்திவிட்டு "ஐயோ, லாரி!" என்று கத்துவார். போனில் இருக்கிற மேனேஜர், "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்பார்.

சட்டத்தை மட்டும் திட்டிப் பயனில்லை. சாப்பாடு கொண்டுவருகிற பையனுக்கு அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் போன் போட்டு, "எங்கப்பா வர்றே?" என்று கேட்பது யார்? போன வாரம் நானே கேட்டேன்.

"பாலத்து மேல சார்" என்றான், ஹாரன் சத்தத்துக்கு நடுவே.