செயற்கைப் பார்களும் பொழுதுபோக்குத் தூண்டிலும்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

சுற்றுலாவாகத் தூண்டில் போட வருவோருக்கென்று கடலில் தனியாகச் செயற்கைப் பார் (மீன் அடையும் கடலடித் திட்டு) அமைக்கலாமா என்று கேட்கிறார்கள். அமைக்கலாம். ஆனால் வருவோரின் தலையை எண்ணிப் பார் போடக் கூடாது. அந்தக் கடல் எவ்வளவு மீனை விட்டுக்கொடுக்கும் என்று பார்த்துத்தான் போட வேண்டும். நாட்டுப்படகு மீனவர்களாகிய எங்கள் நிலைப்பாடு இதுவே.

கான்கிரீட் வளையங்களையும் முக்கோணக் கூடுகளையும் இறக்கினால் பாசி பிடித்து, சிப்பி ஒட்டி, மீன் அடையும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தமிழகக் கரையோரம் போட்ட பார்களில் இதைக் கண்டிருக்கிறோம். ஆனால் அடையும் மீனெல்லாம் அங்கேயே பெருகியதல்ல. பக்கத்துப் பாரை விட்டு வந்ததும் உண்டு. சிதறிக் கிடந்த மீன் ஓரிடத்தில் கூடினால் பிடிப்பதும் எளிது, தீர்ப்பதும் எளிது.

அமெரிக்காவின் அலபாமாவில் 1953இல் 250 பழைய கார்களை மூழ்கடித்துத் தொடங்கிய வேலை, பெரும் செயற்கைப் பார் பரப்பாக வளர்ந்தது. அலபாமாவை ஒட்டிய அந்த மெக்சிகோ வளைகுடாவில்தான் 2017இல், தனியார் படகுகள் மத்திய அரசின் கடற்பகுதியில் சிவப்புச் சங்கரா பிடிக்க முதலில் 3 நாள் மட்டுமே கொடுத்தார்கள். (பிறகு நீட்டித்தார்கள்.) ஃபுளோரிடாவில் 1970களில் சுமார் 20 லட்சம் டயர்களைக் கொட்டினார்கள்; கட்டு அறுந்து அவை இயற்கைப் பவளப்பாறையையே நொறுக்கின.

களவா மீனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான களவா இனங்கள் முதலில் பெண்ணாக இருந்து, பெருத்த பிறகே ஆணாகின்றன. படம் எடுக்க ஆசைப்பட்டு ஆகப் பெரியதையே தேடிப் பிடித்தால், பாரில் ஆண் மீன் அற்றுப்போகும். பிடித்துவிட்டு விட்டுவிடுகிறோம் என்பதும் முழுப் பதில் ஆகாது. ஆழத்திலிருந்து வேகமாக இழுத்த மீனுக்குக் காற்றுப்பை உப்பிவிடும். அப்படியே விட்டால் மிதந்து சாகும்.

ஆகவே பொழுதுபோக்குப் பார்களுக்குச் சுற்றுலாத் துறையின் பணம் வரட்டும், மீன்வளத் திட்டப் பணம் வேண்டாம். நாங்கள் தொழில் செய்யும் பார்களை விட்டு விலகி, இடத்தை மீனவ ஊர்களோடு பேசி முடிவுசெய்யுங்கள். படகுக்கு உரிமம், ஆளுக்கு மீன் வரம்பு, பெரிய களவாவுக்குத் தடை, மீனை ஆழத்துக்கே இறக்கிவிடும் கருவி, இவை முதல் நாளிலிருந்தே நடைமுறையில் இருக்க வேண்டும். இழுவை மடி அங்கே வராமல் காக்கவும் ஏற்பாடு வேண்டும்.

இவை எழுத்தில் இல்லாத எந்தத் திட்டத்துக்கும் எங்கள் சங்கம் ஒப்புதல் தராது.