சாரதியின் கட்டுப்பாட்டை இழந்த டயர்

"வேகக் கட்டுப்பாட்டை இழந்த கெப் ரக வாகனம் வீதியை விட்டு விலகி விபத்துக்குள்ளானது." மாரி தொடங்கினால் இந்த வசனத்தை நாங்கள் எல்லாரும் வாசித்திருப்போம். ஊரின் பெயர் மாறும், காயப்பட்டவர்களின் எண்ணிக்கை மாறும். வசனம் மாறாது. அதில் வேகம் இருக்கும், மழை இருக்கும், சாரதியின் வயதும் இருக்கும். டயர் மட்டும் இருக்காது.

நாங்களும் அதைக் கவனித்ததில்லை, போன கார்த்திகை வரைக்கும்.

ஒரு பாடசாலைக்குப் புத்தகப் பெட்டிகள் ஏற்றிக்கொண்டு ஏ-35 வீதியால், பரந்தனில் இருந்து புதுக்குடியிருப்புப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். வாடகைக்குப் பிடித்த பிக்கப். முன்னுக்கு மூன்று பேர், பின்னுக்குத் தறப்பாளுக்குக் கீழே நாலு பேர். மழை விட்டிருந்தது. ஆனால் ஒரு வளைவில் வீதியோரம் தண்ணி நின்றது. வேகம் அறுபதுக்குள்ளேதான். அந்தத் தண்ணியில் சில்லு ஏறின உடனே ஸ்டியறிங் கையில் லேசாகிவிட்டது என்று ஓட்டின அண்ணை பிறகு சொன்னார். பிக்கப் பாதி சுற்றி, கிரவல் கரையில் போய் நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. ரெண்டு பெட்டி மட்டும் தண்ணிக்குள் விழுந்தது.

இறங்கி டயரைப் பார்த்தோம். பக்கத்தில் நின்று பார்த்தால் நல்ல முரட்டு டயர். ஓரத்தில் பெரிய பெரிய ரப்பர்க் கட்டிகள், பக்கச் சுவரில் வெள்ளை எழுத்து. குனிந்து நடுவில் பார்த்தால் வழுவழுப்பு.

"சித்திரையிலேயே சொன்னனான் தம்பி. இந்த மாரி மட்டும் ஓடட்டும் எண்டார் முதலாளி. நடந்திருந்தா என்ர லைசன்ஸ்தானே போயிருக்கும்" என்றார் அண்ணை.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வசனத்தைப் பற்றியது. ஒரு டயரின் ஆயுள் எப்போது முடிகிறது என்று யார் தீர்மானிக்கிறது?

ஓல்-டெரேன் டயர், சுருக்கமாக ஏ.டி. டயர், தார் வீதிக்கும் கிரவலுக்கும் சேற்றுக்கும் பொதுவாகச் செய்தது. வாங்கப் போனால் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தினை கிலோமீற்றர் ஓடும்?" கடைக்காரரும் ஒரு இலக்கம் சொல்லுவார். எங்கட பார்வையில் அந்தக் கேள்வியே பிழை. கிலோமீற்றர் டயருக்குள் இருக்கிற ஒரு பொருள் இல்லை. காற்று, பாரம், வேகம், வீதி, சில்லின் நேர்ப்பாடு என்று பல விசயம் சேர்ந்து அதைத் தீர்மானிக்குது. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கின ரெண்டு செட் டயரில் ஒன்று மற்றதை விடப் பாதித் தூரத்தில் முடிந்து போகலாம்.

கார் டயர்களின் பக்கச் சுவரில் 'ட்ரெட்வெயார்' என்று போட்டு 300, 500 மாதிரி ஒரு இலக்கம் இருக்கும். அமெரிக்க முறை அது. டெக்சஸ் மாநிலத்தில் 7,200 மைல் ஓட விட்டு, ஒரு அடிப்படை டயரோடு ஒப்பிட்டுக் கொடுக்கிற இலக்கம். அதுவும் ஒப்பீடுதான், கிலோமீற்றர் உத்தரவாதம் இல்லை. பாரம் ஏற்றுகிற வாகனங்களுக்கான 'எல்.டி.' வகை டயர்களுக்கு அந்த முறையில் அந்த இலக்கமே போடத் தேவையில்லை. வேலைக்குப் போகிற டயருக்குத்தான் மதிப்பெண் இல்லை.

ஆனபடியால் நாங்களேதான் அளக்க வேணும். அளக்கிறது பெரிய வித்தை இல்லை.

புது ஏ.டி. டயரின் வெட்டு ஏறத்தாழ 10 முதல் 13 மி.மீ. ஆழம் இருக்கும். சாதாரண வீதி டயர் என்றால் 8, 9 மி.மீ. வெட்டின் அடியில் சின்னச் சின்னக் குறுக்கு மேடுகள் இருக்கும். அது 1.6 மி.மீ. உயரம். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் டயர் முடிந்தது என்று அர்த்தம். உலகத்தில் பல நாட்டுச் சட்டங்களின் எல்லையும் அந்த 1.6 தான். ஆனால் அது கடைசி எல்லை, பாதுகாப்பான எல்லை இல்லை. வெட்டின் வேலை தண்ணியைப் பக்கத்துக்குத் தள்ளி, ரப்பரைத் தாரில் தொட வைக்கிறது. 3 மி.மீ. இற்குக் கீழே போனால் ஈர வீதியில் பிரேக் பிடிக்கிற தூரம் மளமளவென்று கூடத் தொடங்கும். பிறகு ஒரு கட்டத்தில் டயர் தண்ணிக்கு மேலே மிதக்கும். அண்ணையின் கையில் ஸ்டியறிங் லேசானது அதனால்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 11 மி.மீ. இல் தொடங்கின டயர், 10,000 கி.மீ. ஓடின பிறகு 9 மி.மீ. என்று வையுங்கோ. 5,000 கிலோமீற்றருக்கு ஒரு மி.மீ. போகுது. இதே வேகத்தில் தேய்ந்தால் 3 மி.மீ. வரைக்கும் மொத்தம் 40,000 கி.மீ. கிடைக்கும். கடைக்காரர் சொல்கிற இலக்கத்தை விட இது நம்பிக்கையானது. ஏனென்றால் இது உங்கட வீதியில், உங்கட பாரத்தோட, உங்கட ஓட்டத்தில் வந்த கணக்கு.

தேய்ந்த இடமும் கதை சொல்லும். ரெண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. வயல் சேற்றில் இறங்கக் காற்றை இறக்கிப்போட்டு, திரும்பி அடிக்காமல் ஏ-9 இல் ஓடினால் இதுதான் நடக்கும். நடு மட்டும் தேய்ந்தால் காற்று கூட. பாரத்துக்கு அடித்த காற்றோடு வெறும் வாகனமாய்க் கன நாள் ஓடினால் வரும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் எலைன்மென்ட் பிழை. அங்கங்கே குழி விழுந்த மாதிரித் தேய்ந்தால் ஷொக் அப்சோபரைப் பார்க்க வேணும். காய்ந்த தார் வீதியில் நாலு சில்லு இழுவையைப் போட்டபடி ஓடினாலும் பழைய வகைப் பிக்கப்புகளில் டயர் வீணாய் உரசித் தேயும்.

இன்னொரு விசயம் வயது. பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் செய்தது. வெட்டு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் வெயிலிலும் காற்றிலும் ரப்பர் இறுகி, வெடிப்பு விழும். ஐந்து வருசத்துக்குப் பிறகு வருசா வருசம் பார்க்கச் சொல்கிறார்கள். பத்து வருசம் போனால், எப்படி இருந்தாலும் மாற்றச் சொல்கிறார்கள். செகண்ட் ஹாண்ட் ஏ.டி. டயரை வெட்டை மட்டும் பார்த்து வாங்கிற ஆக்கள் இதைத்தான் கோட்டை விடுகினம்.

இவ்வளவும் தெரிஞ்சாப் போதுமா? போதாது. அண்ணைக்கு இவ்வளவும் எங்களை விட நல்லாத் தெரியும். தெரிஞ்சபடியால்தான் சித்திரையில் சொன்னவர். தெரியிறவரின் கையில் முடிவு இல்லை என்பதுதான் பிரச்சினை.

எங்கட பக்கத்தில் பிக்கப் என்பது பல வேலை செய்கிற வாகனம். காலையில் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றும், பகலில் சீமெந்து ஏற்றும், மாசியில் நெல் மூட்டை ஏற்றும், கலியாணத்துக்குக் கதிரை ஏற்றும். ஓட்டுகிறவர் பெரும்பாலும் சம்பளத்துக்கு. வாகனம் வேறொருவருடையது. டயர் தேய்கிறது ஓட்டுகிறவரின் காலுக்குக் கீழே. மாற்றுகிற காசு உரிமையாளரின் பையில். விபத்து நடந்தால் பெயர் வருகிறது சாரதிக்கு. பின்னால் நின்றுகொண்டு போகிற அக்காமாருக்கு இந்த மூன்றிலும் பங்கில்லை. ஆனால் முதலில் தூக்கி எறியப்படப் போவது அவர்கள்தான்.

உரிமையாளர்களை வில்லன்களாக்க நாங்கள் எழுதவில்லை. கனபேர் லீசிங் கட்டுகிற சின்ன முதலாளிமார். 2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து சில மாதத்துக்குள் 360 ரூபா வரைக்கும் போனது. இறக்குமதி டயரின் விலையும் அதோடு ஏறினது. பிறகு எங்கட சம்பளமும் வாடகையும் அந்த வேகத்தில் ஏறவில்லை. "இன்னும் ஒரு மாரி" என்ற வசனம் அங்கே இருந்துதான் வருகிறது. அது எங்களுக்கு விளங்குது.

ஆனால் அந்த ஒரு மாரிக்கான காசை உரிமையாளர் மிச்சம் பிடிக்கவில்லை. ஆபத்தாக மாற்றி, ஓட்டுகிறவருக்கும் ஏறுகிறவருக்கும் பிரித்துக் கொடுக்கிறார். அவர்களிடம் கேட்காமல்.

உண்மையில் மிச்சம் பிடிக்க வழி இருக்கு. கிழமைக்கு ஒருக்கா டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பார்க்கிறது. 8,000, 10,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா முன் பின் மாற்றிப் பூட்டுகிறது. எலைன்மென்ட் பார்க்கிறது. இதற்குப் போகிற காசு ஒரு டயரின் விலைக்குப் பக்கத்திலும் வராது. நாலும் ஒன்றாக வாங்க முடியாவிட்டால் ஒரு சோடி வாங்கலாம். அப்போது நல்ல வெட்டு உள்ள சோடி பின்னுக்குப் போக வேணும். பின் சில்லு வழுக்கினால் வாகனம் சுற்றும், அதைப் பிடிக்கிறது கஷ்டம். நாலு சில்லு இழுவை பாவிக்கிற வாகனமென்றால் முன்னுக்கும் பின்னுக்கும் தேய்மானம் பெரிசாய் வித்தியாசப்படாமல் பார்க்கவும் வேணும்.

எங்கட வயதுக்காரருக்கும் ஒன்று சொல்ல வேணும். ஏ.டி. டயர் இப்போது ஒரு 'லுக்'. யாழ்ப்பாணம் டவுனை விட்டு வெளியே போகாத பிக்கப்பிலும் அது இருக்கு. போடுகிறது உங்கள் விருப்பம். ஆனால் முரட்டுத் தோற்றம் ஈரத் தாரில் பிடிமானம் ஆகாது. அந்தப் பெரிய கட்டிகள் மண்ணில் பிடிக்கச் செய்தவை. ஈரமான கார்பெட் ரோட்டில் நல்ல வீதி டயர்தான் பெரும்பாலும் நன்றாக நிற்கும். பக்கத்தில் முரடாகவும் நடுவில் மொட்டையாகவும் இருக்கிற டயர் பார்க்கிறவரை ஏமாற்றும். எங்களை ஏமாற்றினது அதுதான்.

இனி எங்கட பங்கு. அந்தப் பயணத்துக்கு மூன்று பேரிடம் வாடகை கேட்டோம். ஆகக் குறைவாகச் சொன்னவரைப் பிடித்தோம். அதிலும் இன்னும் குறைக்கச் சொல்லிக் கேட்டோம். குறைத்தார்கள். அந்தக் குறைச்சல் எங்கே இருந்து வந்தது என்று நாங்கள் யோசிக்கவில்லை. வீதியோரம் நின்று மொட்டை டயரைப் பார்த்தபோது விளங்கினது. முதலாளியைத் திட்ட எங்களுக்கு இருக்கிற உரிமை கொஞ்சம்தான்.

அதனால் இப்போது வாகனம் பிடிக்கும்போது டயரையும் கேட்கிறோம். ஏறும் முன் ஒருவர் நாலு டயரையும் பார்ப்பார். ஒரு தீக்குச்சியை வெட்டுக்குள் விட்டு, நகத்தால் மட்டம் பிடித்து, அடிமட்டத்தில் வைத்தால் ஆழம் தெரியும். உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் என்று மூன்று இடம். அடியில் இருக்கிற அந்த மேட்டில் வைக்கக் கூடாது. 3 மி.மீ. இற்குக் கீழே என்றால் மாரியில் ஏறுகிறதில்லை. வாடகை கொஞ்சம் கூடக் கேட்டால் கொடுக்கிறோம், முடியாவிட்டால் பயணத்தைத் தள்ளிப் போடுகிறோம்.

முதல் தடவை கேட்கும்போது வெட்கமாக இருந்தது. "என்ன தம்பியவை, டயர் வாங்க வந்தனீங்களோ?" என்று ஒரு உரிமையாளர் சிரித்தார். ஆனால் பக்கத்தில் நின்ற சாரதி சிரிக்கவில்லை. தானாகவே குனிந்து உள்பக்கத்து வெட்டைக் காட்டினார். அவர் பல நாளாகச் சொல்ல நினைத்ததை வாடகைக்கு வந்தவர்கள் கேட்டுவிட்டார்கள் போல.

சங்கம், விளையாட்டுக் கழகம், கோயில் சபை, பாடசாலைச் சுற்றுலா என்று பிக்கப் பிடிக்கிற எல்லாரும் இதைக் கேட்கலாம். ஒரு சாரதி தனியச் சொன்னால் அது முறைப்பாடு. வாடிக்கையாளர் பத்துப் பேர் கேட்டால் அது வியாபாரம், முதலாளி காது கொடுப்பார். அடுத்த மாரிக்கு இன்னும் நாள் இருக்கு. தீக்குச்சி எல்லா வீட்டிலும் இருக்கு.