குப்பையின் சுழற்சியும் சாதியின் சுழற்சியும்: புதுச்சேரி எழுப்பும் கேள்வி

‘குப்பையும் வளமே’ என்னும் முழக்கம் நகர நிர்வாகங்களின் அறிக்கைகளில் இன்று தவறாமல் இடம்பெறுகிறது. 2021 அக்டோபர் 1 அன்று தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின் இரண்டாம் கட்டம், குப்பையில்லா நகரங்களை இலக்காக அறிவித்தது. அதனோடு சேர்ந்து வந்த சொல் ‘சுழற்சிப் பொருளாதாரம்’. ஒருமுறை பயன்படுத்திய பொருளை எறிந்துவிடாமல் மீண்டும் மீண்டும் உற்பத்திக்குள் கொண்டுவருவதே அதன் சாரம். இக்கொள்கையோடு நமக்குப் பகையில்லை. ஆனால் இந்தச் சுழற்சியை நடத்தும் கைகள் யாருடையவை, அதில் உருவாகும் மதிப்பு யாரைச் சென்றடைகிறது என்னும் கேள்விகளுக்கு விடையளிக்காத எந்தத் திட்டமும், பழைய சாதித் தொழிலுக்குப் புதுப் பெயர் சூட்டுவதாகவே முடியும்.

வாய்க்காலுக்கு அப்பால்

பிரெஞ்சு ஆட்சிக்காலப் புதுச்சேரியைப் பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரித்தது. கிழக்கே கடலோரம் வெள்ளையர் நகரம். மேற்கே கறுப்பர் நகரம். சுற்றுலாப் பயணிகள் இன்று படமெடுத்துச் செல்லும் தூய தெருக்கள் கிழக்கே இருக்கின்றன. அத்தெருக்களின் குப்பையோ முன்பு கருவடிக்குப்பத்திலும் பின்னர் குருமாம்பேட்டிலும் கொட்டப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரி நகராட்சியில் 2,44,377 பேர், உழவர்கரை நகராட்சியில் 3,00,104 பேர். ஏறத்தாழ ஐந்தரை லட்சம் மக்களின் கழிவுக்கு, துர்நாற்றமும் தீப்பிடித்தால் எழும் புகையும் சூழ வாழ்வோர் விலை கொடுத்து வந்திருக்கிறார்கள்.

குருமாம்பேட்டில் குவிந்த பழைய குப்பையை அகழ்ந்து பிரிக்கும் பணி நமக்கு ஒரு பாடத்தைக் கற்பிக்கிறது. ஆண்டுக்கணக்கில் கலந்து கிடந்த குப்பையிலிருந்து மண்ணும், அழுக்கேறிய நெகிழித் துண்டுகளுமே பெரும்பாலும் கிடைக்கும். அந்நெகிழியை மறுசுழற்சி ஆலைகள் வாங்குவதில்லை. சிமெண்டு ஆலைச் சூளைகளில் எரிபொருளாக்குவதே மிஞ்சும் வழி. எரித்துவிட்ட பொருள் மீண்டும் சுழற்சிக்குத் திரும்பாது. குழம்பு சிந்திய காகிதத்தைப் பழைய பேப்பர் கடைக்காரர் எடுத்துக்கொள்ள மாட்டார். ஆக, ஒரு பொருள் வளமாவதும் கழிவாவதும் வீட்டு வாசலிலேயே முடிவாகிவிடுகிறது.

பிரிப்பவர் யார்?

மக்கும் குப்பை, மக்காத குப்பை, தீங்கு விளைவிக்கும் வீட்டுக் கழிவு என மூன்றாகப் பிரித்துத் தரவேண்டியது வீட்டாரின் கடமை என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வரையறுத்தன. அக்கடமையை வீட்டார் கைவிடும்போது அது மறைந்துபோவதில்லை. தள்ளுவண்டியோடு வருபவரின் கைக்கு மாறுகிறது. உடைந்த கண்ணாடி, ஊசி, அணையாடை, மாதவிடாய்ப் பஞ்சு ஆகியவற்றைத் தொட்டுப் பிரிப்பவர் அவரே. நம் நகரங்களில் அந்தக் கைகள் பெரும்பாலும் தலித் மக்களுடையவை, அவர்களுள்ளும் பெண்களுடையவை. 1964-ஆம் ஆண்டின் புதுச்சேரி அட்டவணைச் சாதிகள் ஆணையில் தோட்டி, வெட்டியான் என்னும் பெயர்கள் இடம்பெற்றுள்ளன. செய்யும் வேலையே பிறப்பின் பெயராக உறைந்துபோன சமூகத்தில், ‘குப்பையை அவர்கள் பிரித்துக்கொள்வார்கள்’ என்று ஒரு வீட்டார் நினைப்பதை வெறும் சோம்பல் என்று நாம் கடந்துவிட முடியாது.

மதிப்பு செல்லும் திசையையும் கவனிப்போம். பெறுக்குபவரிடமிருந்து பழைய இரும்புக் கடைக்கும், அங்கிருந்து மொத்த வியாபாரிக்கும், பின் ஆலைக்கும் பொருள் நகர்கிறது. ஒவ்வொரு படியிலும் விலை ஏறுகிறது. உழைப்பும் ஆபத்தும் மிகுந்த முதற்படியிலேயே விலை மிகக் குறைவு. நெகிழி உறைகளை உற்பத்தி செய்யும் நிறுவனங்களே அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பை ஏற்கவேண்டும் என 2022 பிப்ரவரியில் ஒன்றிய அரசு நெறிமுறைகளை வெளியிட்டது. பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனங்கள் உருவாக்கும் சான்றிதழ்களை உற்பத்தி நிறுவனங்கள் வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பணம் பொறுக்கியவரின் கைக்கு வந்துசேர அந்த ஏற்பாட்டில் உறுதியான வழி எதுவும் இல்லை.

புனேயும் சென்னையும்

மாற்று வழி இருக்கிறது. புனேயில் 1993-இல் குப்பை பொறுக்குவோர் சங்கமாகத் திரண்டனர். அவர்களது கூட்டுறவான ‘ஸ்வச்’ 2008-இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் தலித் பெண்கள். வீடுகள் தரும் மாதக் கட்டணமும், உலர்கழிவை விற்றுக் கிடைக்கும் பணமும் அவர்களுக்கே உரியவை. கொலம்பியாவின் பொகோட்டா நகரிலும் அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்புகளின் துணையோடு 2013 முதல் மறுசுழற்சியாளர்களின் சேவைக்கு நகர நிர்வாகம் பணம் வழங்கத் தொடங்கியது.

சென்னை எதிர்த்திசையில் சென்றது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து, 2025 ஆகஸ்டில் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன் பதின்மூன்று நாட்கள் போராடினார்கள். இறுதியில் இரவோடிரவாக அப்புறப்படுத்தப்பட்டார்கள். எடைக்கணக்கில் பணம் தரும் தனியார் ஒப்பந்தங்கள் நாட்டில் பரவலாக உள்ளன. அத்தகைய ஒப்பந்தத்தில் குப்பை மிகுந்தால் வருமானமும் மிகும். பிரித்துக் குறைத்தால் வருமானம் குறையும். சுழற்சிப் பொருளாதாரத்துக்கு இதைவிட நேரெதிரான ஏற்பாடு வேறில்லை.

புதுச்சேரியில் இவற்றை விவாதிக்க மன்றமே இல்லை. 1968-க்குப் பின் 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதன் பதவிக்காலம் 2011-இல் முடிந்தபின் பத்தாண்டுகளுக்கும் மேலாக நகராட்சிகள் அதிகாரிகளின் பொறுப்பிலேயே இயங்கின. அரசியலமைப்பு தலித்துகளுக்கும் பெண்களுக்கும் ஒதுக்கிய இருக்கைகள் காலியாக இருக்கும்போது, குப்பை ஒப்பந்தம் யாருக்கு என்பதை மன்றத்தில் எழுந்து கேட்க யார் இருக்கிறார்கள்?

வெளியேறும் உரிமை

நம்முள் எழும் எதிர்வாதம் ஒன்று உண்டு: கூட்டுறவு கேட்பது தலித்துகளைக் குப்பையோடு மேலும் பிணைத்துவிடாதா? சாதி சுமத்திய ஊழியங்களிலிருந்து வெளியேற வேண்டும் என்று அண்ணல் அம்பேத்கர் வலியுறுத்தி வந்தாரே? இது புறந்தள்ளத்தக்க ஐயம் அன்று. ஆனால் நாளைக்கு வேலை நிலைக்குமா என்று அறியாத ஒப்பந்தக் கூலிக்கு வெளியேறும் வழி எளிதில் திறப்பதில்லை. நிலையான வருமானமும், பிள்ளைகளின் கல்வியுமே அவ்வழியைத் திறக்கும். ஆகவே தொழிலாளரின் உடைமையையும் வெளியேறும் உரிமையையும் நாம் சேர்த்தே கேட்கவேண்டும்.

அதன்படி நம் கோரிக்கைகள் இவை. குப்பை சேகரிப்போரைக் கணக்கெடுத்து அடையாள அட்டை வழங்குக. 2016 விதிகளும், 2024-இல் அவர்களையும் உள்ளடக்கிய ‘நமஸ்தே’ திட்டமும் இதற்கு வழிசெய்துள்ளன. உலர்கழிவின் மீதான உரிமையைத் தொழிலாளர் கூட்டுறவுக்கே ஒப்பந்தத்தில் எழுதித் தருக. உற்பத்தி நிறுவனங்களின் பணத்தில் சேகரிப்போருக்கு உரிய பங்கை உறுதிசெய்க. பிரிக்காத வீடுகளிடம் அபராதம் வசூலிக்கும் பணியைத் தொழிலாளர் தலையில் சுமத்தாமல் அதிகாரிகளே ஏற்கட்டும். அவர்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வரை உதவித்தொகை கிடைக்கட்டும். உள்ளாட்சித் தேர்தலும் நடக்கட்டும்.

புதுச்சேரிக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. உங்கள் விடுதியின் குப்பையை யார் பிரிக்கிறார், அவருக்கு யார் கூலி தருகிறார், அந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நகராட்சியிடம் கேளுங்கள்.